மாதந்தோறும் வேண்டிய மாத்திரை

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பணிக்காலம் முழுவதும் கருவூலத்தில் இருந்தவன். ஒரு துறைக்கு அரசு எவ்வளவு ஒதுக்கியது என்பதைச் செய்தித்தாள் சொல்லிவிடும். அந்தப் பணம் எந்தத் தலைப்பில், எந்த மாதத்தில், எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பது கருவூலத்துக்கு வரும் பில்லைப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு, மனநலத்துக்காக நம் மாநிலம் செய்யும் செலவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அரசுக் கணக்கில் செலவை இரண்டாகப் பிரிப்போம்: தொடராச் செலவு, தொடர்செலவு. கட்டடம், கருவி, வாகனம் எல்லாம் தொடராச் செலவு. ஒரு முறை கொடுத்தால் முடிந்தது. மருத்துவர் சம்பளம், செவிலியர் சம்பளம், மருந்து இவையெல்லாம் தொடர்செலவு. மாதம் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிதித்துறை முதலாவதற்குச் சீக்கிரம் ஒப்புக்கொள்ளும், இரண்டாவதற்கு யோசிக்கும். ஒரு பணியிடத்தை உருவாக்கினால் முப்பது ஆண்டுச் சம்பளத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா? அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மனநோய் என்பது மாத்திரை நிற்காமல் இருப்பதாலும், தெரிந்த முகம் ஒன்று மாறாமல் இருப்பதாலும் அடங்கும் நோய். பெரிய கட்டடமும் விலையுயர்ந்த கருவியும் அங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான். அரசு எதைக் கொடுக்க யோசிக்கிறதோ, மனநோயாளிக்கு வேண்டியது அதுவே. நான் இன்று சொல்ல வந்த சேதியும் இதுதான்.

தமிழ்நாட்டில் எழுத்தில் கிடைக்கும் பழைய மருத்துவமனை வரவு செலவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம், பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டு அது. நம் தாமிரபரணிக் கரை முக்கூடல் வேறு, அது வேறு. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டியது. 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலைக்கு ஏற்பாடு செய்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை மருத்துவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டு வருவோருக்கு இவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு இவ்வளவு என்று நெல் அளவு சொல்கிறது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. கவனித்துப் பாருங்கள், எல்லாமே தொடர்செலவு. சம்பளமும் மருந்தும் விளக்கெண்ணெயும் ஆண்டுதோறும் எங்கிருந்து வரும் என்பதற்கு நில வருவாயைக் காட்டிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் அறக்கட்டளை மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. நிவந்தம் எனும் அறக்கொடையின் உயிரே, கொடுத்தவர் போன பிறகும் செலவுக்கு வழி இருப்பதுதான்.

இனி நம் காலத்துக் கணக்கு. 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 20,198 கோடி. அதற்கும் முன் 18,661 கோடி. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2025-26-இல் மாநிலத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 4 லட்சத்து 39 ஆயிரம் கோடி. அதோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்து. 2017-ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் தங்கள் செலவில் 8 விழுக்காட்டுக்கு மேல் நலவாழ்வுக்குத் தர வேண்டும் என்றது. அதற்கு 2020 என்று கெடுவும் வைத்தது. ஏழு கோடி எழுபது லட்சம் பேர் என்று மக்கள்தொகையை வைத்துக்கொண்டால், தலைக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

இந்த எட்டு ரூபாயில் தமிழ்நாடு செய்து காட்டியிருப்பது சாதாரணமானதல்ல. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சட்டம் இயற்றிய மாகாணம் இது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உண்டாக்கி, அரசு மருத்துவமனைகளுக்கு எல்லாம் ஒரே இடத்தில் மருந்து கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தோம். அதைப் பார்த்து வேறு மாநிலங்களும் பின்பற்றின. பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதைக் குறைத்தோம். ஆனால் இந்தச் சாதனைகளின் வரிசையில் மனநலத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஓர் இல்லத்தைக் கம்பெனி ஆட்சியில் 1794-இல் தொடங்கினார்கள். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மனநோய்க்கு அரசுப் பணம் என்றால் பெரும்பாலும் கீழ்ப்பாக்கத்துக்குப் போகும் பணம்தான். அந்த நிறுவனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. டாக்டர் சாரதா மேனன் போன்ற பெரியவர்கள் தலைமையேற்று நடத்திய இடம் அது. புறநோயாளிப் பிரிவையும் மறுவாழ்வுப் பணிகளையும் வளர்த்தது அவர்கள் காலத்தில்தான். ஆனால் அம்பாசமுத்திரத்தில் நோய் கண்டவருக்குக் கீழ்ப்பாக்கம் அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவு திறந்திருந்தது அங்கேதான்; இன்னும் திறந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைத்திருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்த பிறகுதான், தெற்குச் சீமையில் இவர்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று நாடு கேட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மாநிலங்களிடம் கணக்குக் கேட்டது.

மாற்று வழி அதற்கு முன்பே தெரிந்ததுதான். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிராமங்களில், குறிப்பாகப் பெல்லாரி மாவட்டத்தில், ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குக் குறுகிய காலப் பயிற்சி, கைவிரலில் எண்ணக்கூடிய சில மருந்துகள், மாவட்டத்துக்கு ஒரு மனநலக் குழு. இது போதும், பெரும்பாலான நோயாளிகளை ஊருக்குப் பக்கத்திலேயே கவனித்துவிடலாம் என்பது அங்கே தெரியவந்தது. அதை அடியொற்றி 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் பெயரளவில் உண்டு.

அந்தத் திட்டத்துக்கு ஆகும் பணத்தைப் பார்ப்போம். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் திருத்திய நெறிமுறைப்படி, ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரை தரலாம். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், மருந்து, பயிற்சி, விழிப்புணர்வு, பயணம் எல்லாம் அதற்குள் அடங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் 30 லட்சத்து 77 ஆயிரம் பேர். வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆண்டுக்கு 2 ரூபாய் 70 காசு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் என்பதே அலகு என்பதால், தென்காசிக்கும் தனியே ஒரு குழு கேட்கும் உரிமை வந்தது. மாவட்டப் பிரிவினையால் கடையமும் செங்கோட்டையும் பெற்ற நன்மைகளில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அப்படியும் கணக்கு ஆளுக்கு ஆறு ரூபாயைத் தாண்டவில்லை. இதுவும் உச்சவரம்புதான்; முழுதாக வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் மனநலம் என்ற பெயரில் நேராகக் கண்ணில் படுபவை ஏறத்தாழ 1,004 கோடி. நலவாழ்வுக்கான மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். அதில் 850 கோடி நிம்ஹான்ஸுக்கு, 64 கோடி அசாமில் தேஸ்பூர் மனநல நிறுவனத்துக்கு, 90 கோடி தொலைபேசி வழி ஆலோசனைத் திட்டத்துக்கு. மாவட்டத் திட்டத்தின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. அது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பெரிய பொதுத் தொகைக்குள் கரைந்திருக்கிறது. ஒன்றிய அரசு அறுபது, மாநிலம் நாற்பது என்ற கணக்கில். காசநோயும் நீரிழிவும் தடுப்பூசியும் தங்கள் தங்கள் இலக்கோடு வந்து நிற்கும் மேசையில், மனநலத்துக்கு மட்டும் இத்தனை பேரைக் குணப்படுத்தினோம் என்று சொல்ல எண் இல்லை. எண் காட்ட முடியாத திட்டம் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான்.

பாசனத்தில் நமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. தாமிரபரணியின் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் மேல்கால் வயல்கள் நனையும். அணைக்கட்டு ஒவ்வொன்றாகத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடைக்கு வந்து சேர்வது, இடையில் வாய்க்காலைத் தூர்வாரி வைத்திருக்கிறோமா என்பதைப் பொறுத்தது. மனநலப் பணம் கடைமடைக்குப் போகும் வாய்க்கால் எது? தாலுகா மருத்துவமனையின் மருந்தகம். அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். நல்ல முறை. ஆனால் அடுத்த ஆண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று தேவைப் பட்டியல் போடும்போது, போன ஆண்டு எவ்வளவு செலவானது என்பதைத்தான் பார்ப்பார்கள். காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது சரி. ஒரு தாலுகா மருத்துவமனையில் மனநல மருத்துவர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுக்க ஆள் இல்லாததால் ரிஸ்பெரிடோனும் லித்தியமும் செலவாகாது. செலவாகாததால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் குறையும், அல்லது இராது. மருந்து இல்லாததால் வருகிறவர்களும் திருநெல்வேலிக்குப் போய்விடுவார்கள். நோயாளி வரவில்லை என்பதால் பணியிடம் தேவையில்லை என்று கோப்பில் எழுதுவார்கள். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் விதிப்படிதான் எழுதினார்கள். ஊரில் நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

தாமிரபரணி ஆற்றின் மேற்குப் பக்கக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். பீடி சுற்றுகிறவர். மகனுக்குக் கல்லூரிப் படிப்பின்போது நோய் வந்தது. மாத்திரை சாப்பிடும்போது அந்தப் பையன் வயலுக்குப் போவான், ரேடியோ கேட்பான், தம்பிகளோடு சண்டை போடுவான். நின்றுவிட்டால் தூக்கம் போகும், பிறகு பேச்சு மாறும். மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். விடியற்காலை பஸ், ஓ.பி. சீட்டு வரிசை, டாக்டரைப் பார்ப்பது, மருந்து வாங்கும் வரிசை, திரும்பும் பஸ். அன்றைக்குப் பீடிக் கூலி இல்லை. சில மாதங்களில் அவரால் வர முடியாது. பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் கொஞ்ச காலம் மாத்திரை கொடுத்தார்கள்; பிறகு வரவில்லை என்றுவிட்டார்கள். “அடுத்த மாசமாவது வருமா அண்ணாச்சி?” என்று என்னிடம் கேட்டார். கருவூலத்தில் இருந்தவனுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். அந்த மாத்திரைகள் விலை மிகுந்தவையும் அல்ல. காப்புரிமைக் காலம் முடிந்து, எல்லாக் கம்பெனிகளும் தயாரிக்கும் பழைய மருந்துகள் அவை.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையைப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது; தகுதியானதுதான். வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்க்கு மருந்து வீடு தேடிப் போக வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. தீவிர மனநோய்களில் பலவும் அத்தகையவைதான். அந்தத் தாயின் தெருவுக்கு அந்தப் பெண் ஏற்கெனவே வருகிறார். மனநல மருத்துவர் ஒருமுறை எழுதிக்கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால், நடுவில் உள்ள மாதங்களின் மாத்திரையை அதே பையில் வைத்துக் கொடுக்கலாம். லித்தியம் போன்றவற்றுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். மற்றவற்றுக்குத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஆள். மாவட்டத் திட்டத்தில் வேலை பார்ப்பவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். துறைகள் ஆண்டுதோறும் நிதித்துறைக்கு அனுப்பும் நம்பர் ஸ்டேட்மென்டில் நிரந்தரப் பணியிடம் ஒவ்வொன்றும் எண்ணாக நிற்கும்; காலியாக இருந்தாலும் அது இருக்கும், நிரப்பச் சொல்லிக் கேட்கலாம். தொகுப்பூதியத்தில் இருப்பவர் ஒப்பந்தத்தின் தாளில் இருக்கிறார், பணம் வந்தால் சம்பளம். ஒரு பெண் உளவியல் படித்து வருகிறார், நோயாளிகளிடம் பழகுகிறார், அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் அவருக்குத் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளில் வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் நோயாளி தன் கதையை மறுபடியும் முதலிலிருந்து புதியவரிடம் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவத்தில் மற்ற துறைகளில் ஆள் மாறினால் கோப்பு பேசும். மனநலத்தில் கோப்பால் பாதிதான் பேச முடியும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி அரசு கவனிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. அதற்குப் பணம் வரவு செலவுத் திட்டத்தில்தான் வர வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். இந்த அரங்கில் இருக்கும் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் தாங்கமுடியாத நிலை வந்தால் 14416 என்ற அரசின் தொலைபேசி ஆலோசனை எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

நம் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை குறைதீர் நாளன்று, கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் உயிரிழந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பிறகு திங்கட்கிழமைகளில் வாசலில் போலீஸ் சோதனை வந்தது. அது வேண்டியதுதான். அந்தக் குடும்பத்தைக் கடன் கொன்றது. மாத்திரை காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மனநலத்துக்கு ஒதுக்கும் பணத்தை வறுமைக்கும் கடனுக்கும் மருந்தாகக் காட்டுவது பொய். ஆனால் மனுவோடு வரிசையில் நிற்பவர்களில் யார் விளிம்பில் நிற்கிறார் என்பதைக் காவலர் பையைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. உட்காரவைத்துப் பேசத் தெரிந்த ஒருவர் திங்கள்தோறும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒருவரின் சம்பளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவும் சம்பளம்தான், தொடர்செலவுதான்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2024-25-இல் வந்த வருவாய் 48,344 கோடி. நலவாழ்வுத் துறைக்கு ஒதுக்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குடியால் வரும் நோய்களில் ஒரு பகுதி மனநலப் பிரிவுக்கு வந்து சேர்கிறது. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறார்கள், வரவேற்கிறேன். ஆனால் கணக்குப் பார்ப்போம். அந்த வருவாயில் நூற்றுக்கு ஒரு ரூபாயை மட்டும் மனநலத்துக்கும் குடிமீட்புக்கும் என்று எடுத்துவைத்தால் 483 கோடி. 38 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்குப் பன்னிரண்டரைக் கோடிக்கு மேல். இப்போதைய உச்சவரம்பு 83 லட்சம்.

நிதித்துறை நண்பர்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவுப்படி எல்லா வருவாயும் தொகுப்பு நிதியில் சேரும். இந்தப் பணத்தை இதற்கென்று கட்டிவைத்தால் நாளைக்கு எல்லாத் துறையும் கேட்கும். அதைவிட வலுவான மறுப்பு ஒன்றை நம் ஊர் அனுபவமே சொல்கிறது. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், பேட்டை, மேலப்பாளையம் என்று நம் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள். அவர்கள் நலனுக்காக 1976-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பீடி மீது ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தீர்வை விதித்தது. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனை அந்த நிதியின் மரபில் வந்தது. பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகையும் அதிலிருந்துதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல தீர்வைகளோடு இதுவும் நீங்கியது. மருத்துவமனையை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் தனக்கென்று வருவாய் இருந்த ஓர் ஏற்பாடு, ஆண்டுதோறும் பொதுப் பணத்தில் இடம் கேட்டு நிற்கும் ஏற்பாடாக மாறியது. பீடி சுற்றும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2004-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்கு மேல் உள்ளவர்களிடம் நூற்றுக்கு ஒன்று கூடுதல் வரி வாங்கி, அதை மனநலத்துக்கென்றே ஒதுக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வீடற்ற மனநோயாளிகளின் குடியிருப்புக்குத் திருப்ப வேண்டும் என்று நினைத்தபோது மறுபடியும் மக்களிடம் போய் வாக்குக் கேட்டார்கள். அந்த மாற்றம் சரியா தவறா என்பது அவர்கள் பாடு. கேட்டார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். தனி நிதி நிலைக்க வேண்டுமானால், அதை எடுக்கும்போது ஒருவர் எழுந்து நின்று ஏன் என்று கேட்கும் இடம் ஒன்று சட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே டாஸ்மாக் பணத்தில் பங்கு கேட்பதில் எனக்கு விருப்பம் உண்டு. அதையே முதல் கோரிக்கையாக வைக்க மாட்டேன்.

என் முதல் கோரிக்கைக்குச் செலவே இல்லை. மனநலத்துக்கு மாநிலம் செய்யும் செலவு முழுவதையும் ஓர் அறிக்கையாக அச்சிட்டு, நலவாழ்வுத் துறை மானியக் கோரிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இப்போது கீழ்ப்பாக்கத்தின் செலவு ஓர் இடத்தில், மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளின் சம்பளம் இன்னோர் இடத்தில், மாவட்டத் திட்டம் குழுமக் கணக்கில், மாற்றுத் திறனாளிகள் உதவித்தொகை வேறு துறையில். சேர்த்துப் பார்க்க யாராலும் முடியாது. சட்டமன்ற உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவர நினைத்தாலும் எதன்மேல் கொண்டுவருவார்? 2021-இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையே வைக்கத் தொடங்கியது மாநில அரசு. பல துறைகளில் சிதறிக்கிடந்ததை ஒன்று சேர்த்துக் காட்ட முடியும் என்பது நிரூபணமான ஒன்று. அந்த அறிக்கையில் மாவட்டவாரியாக மூன்று பத்திகள் போதும்: ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, மெய்யான செலவு. மார்ச் மாதக் கடைசியில் எவ்வளவு செலவாகாமல் சரண்டர் ஆனது என்பது மூன்றாவது பத்தியில் தானே தெரிந்துவிடும்.

இரண்டாவது கோரிக்கை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைகளில் ஒரு மனநலச் செவிலியருக்கும் ஓர் ஆற்றுப்படுத்துநருக்கும் நிரந்தரப் பணியிடம். மருத்துவர் வாரம் ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து போகலாம். அவர் வராத நாட்களிலும் அந்த இரண்டு பேர் அங்கே இருப்பார்கள்.

இவற்றை எங்கே கேட்பது? உலக வங்கி உதவியோடு 2019-இல் தொடங்கிய நலவாழ்வு அமைப்புச் சீர்திருத்தத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் சுகாதாரப் பேரவை கூட்டும் முறை வந்தது. பொதுமக்களும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் தங்கள் பகுதித் தேவைகளைத் தீர்மானமாகக் கொடுக்கலாம். அவை மாநிலப் பேரவைக்குப் போகும். ஆஸ்பத்திரிக்குச் சுற்றுச்சுவர், படுக்கை, ஆம்புலன்ஸ் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு; அவற்றோடு மாத்திரையையும் ஆளையும் கேளுங்கள். கிராம சபையிலும் தீர்மானம் போட்டு அனுப்பலாம். இங்கே இருக்கும் மாணவர்கள் உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போவதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனை மருந்தாளுநரிடம் போய் மூன்று செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல மருந்துகளில் எவை பட்டியலில் உள்ளன? கடந்த ஓராண்டில் அவை எந்தெந்த மாதம் இருப்பில் இல்லை? அந்த மாதங்களில் வந்தவர்களை எங்கே அனுப்பினார்கள்? அந்தத் தாளை இணைத்துத் தீர்மானத்தை அனுப்புங்கள். மாதமும் மருந்தின் பெயரும் குறித்து வந்த கோரிக்கைக்கு, கோப்பில் பதில் எழுதாமல் யாராலும் கடந்துபோக முடியாது.